பௌர்ணமி வாரத்தில் எல்க் மான் கண்ணில் படவே இல்லை, யோசனை தேவை

கொலராடோ, பிளாட் டாப்ஸ் பகுதி. வில் வேட்டை, சுமார் 10,000 அடி உயரம், ஆஸ்பென் மரக்காடும் புல்வெளியும். 2024 செப்டம்பர் 17 பௌர்ணமி. அந்த வாரம் முழுக்க விடியும்போது புல்வெளி காலி. பனித்துளி கலைந்த தடமும் சூடு ஆறாத சாணமும்தான் மிச்சம். ட்ரெயில் கேமராவில் (விலங்கு நடமாட்டத்தைத் தானாகப் படம் பிடிக்கும் கேமரா) எல்லாப் படமும் நள்ளிரவு தாண்டியவை. இணைசேரும் காலம்தான், ஆனாலும் ஆண் எல்க் இரவெல்லாம் கத்திவிட்டு வெளிச்சம் வந்ததும் கப்சிப்.

காற்றுத் திசை பார்த்து இடம் மாற்றினேன், பெண் எல்க் குரல் கொடுத்தேன், மாலையில் சேற்றுக் குட்டை ஓரம் காத்திருந்தேன். பலனில்லை. பகலில் வெயிலும் அதிகம், நிலவை மட்டும் குறை சொல்ல முடியாது.

2026-இல் பௌர்ணமி செப்டம்பர் 26. அந்த வாரம் போனால், எல்க் பகலில் படுத்திருக்கும் வடக்குச் சரிவுக் காட்டுக்குள் நடுப்பகலில் நுழைவது சரிப்படுமா?