மறு: மலைப்பாதை டீசல் வண்டிக்கு ஒரு சொல் – உந்துபெட்டி

> 'டீசல் தொடரி' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் விளங்கும்.

அன்பர்களுக்கு மியன்மாரின் யாங்கோனிலிருந்து வணக்கம். தனி என்ஜின் இல்லாமல், பயணிகள் ஏறும் பெட்டியிலேயே டீசல் என்ஜினைக் கொண்டு தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை இது.

ஐயா, 'டீசல் தொடரி'யில் எனக்கு உடன்பாடில்லை. ரயிலைத் தொடரி என்றால் பெட்டிகள் தொடர வேண்டும். நாம் பெயர் தேடும் வண்டியோ பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி. எரித்திரியாவில் 1930களில் இத்தாலியர் ஓடவிட்ட பியட் லித்தோரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கடல் கரையின் மசாவாவிலிருந்து 2,300 மீட்டர் உயரத்து அஸ்மாராவுக்கு, 950 மில்லிமீட்டர் குறுகிய பாதையில் ஏறிய வண்டி. என்ஜினும் பயணிகளும் ஒரே கூரையின் கீழ். இரு முனையிலும் ஓட்டுநர் இடம். இதில் எதை எது தொடர்கிறது?

டீசலைத் தலைச்சொல்லில் சேர்ப்பதும் வேண்டாம். எரிபொருள் மாறும், பெயர் மாறாது. புகை போய் இத்தனை காலமாகியும் நாம் புகைவண்டியை விடவில்லை. பர்மியரோ இன்றும் மீயத்தா, அதாவது நெருப்பு ரதம் என்கிறார்கள். டீசல் என்பது முன்னடையாக நிற்கட்டும்.

'ரயில் பஸ்' இங்கே நன்கு பழகிய சொல். ஆர்.பி.இ. (ரயில் பஸ் என்ஜின்) என்று சுருக்கிச் சொல்வோம். ஆனால் ஜப்பானிலிருந்து பழையதாக வந்து, 1,067 மில்லிமீட்டர் பாதையிலிருந்து மியன்மாரின் மீட்டர் பாதைக்கு (1,000 மில்லிமீட்டர்) சக்கரம் மாற்றப்பட்ட முழு நீளப் பெட்டிகளுக்கும் அதே பெயர்தான். அவற்றில் ஏறிப் பார்த்தவர் யாரும் பஸ் என்று சொல்லமாட்டார்.

இந்த வண்டியின் தனித்தன்மை, சுமக்கும் பெட்டியே தன்னை ஓட்டிக்கொள்வது. மலையில்தான் அதன் அருமை தெரியும். தனி என்ஜின் தன் எடையையும் மேலே தூக்கிச் செல்ல வேண்டும். இந்த வண்டியிலோ பயணிகளின் எடையும் ஓட்டும் சக்கரங்களைத் தண்டவாளத்தில் அழுத்திப் பிடிமானம் தருகிறது. மியன்மாரில் தாசியிலிருந்து கலோவுக்கு ஏறும் மலைப்பாதையில் வண்டி முன்னே போய் நின்று, பின்னோக்கி ஏறி, மறுபடி முன்னே போகும் இடங்கள் உண்டு. அங்கே என்ஜின் ரயில் ஒரு கட்டத்தில் பெட்டிகளை முன்னே விட்டுத் தள்ளிக்கொண்டு போகிறது. நம் வண்டியானால் ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்துபோய் உட்கார்ந்தால் போதும்.

ஆகவே என் முன்மொழிவு: உந்துபெட்டி.

> உந்து என்றால் தள்ளுவதல்லவா? ஊட்டி ரயில் என்ஜின்தான் நினைவுக்கு வருகிறது.

நியாயமான கேள்வி. கல்லாறு–குன்னூர் பற்சக்கரப் பாதையில் என்ஜின் பின்னால் நின்று தள்ளுவது உண்மை. அதற்குத் 'தள்ளு என்ஜின்' இருக்கிறது. பேருந்தும் மகிழுந்தும் யாரையும் பின்னாலிருந்து தள்ளவில்லை. மோட்டார் வண்டி என்ற பொருளில் 'உந்து' எப்போதோ நிலைத்துவிட்டது.

என்ஜின் இல்லாமல் பின்னால் கோக்கப்படும் பெட்டி, தொடர்பெட்டி. இரண்டு மூன்று உந்துபெட்டிகளைக் கோத்து ஒரே ஓட்டுநர் இயக்கினால் உந்துபெட்டிக் கோவை.

கலைச்சொல் பட்டியலில் ஏற்றுபவர்கள் 'உந்துப்பெட்டி' என்று ஒற்று மிகுத்துவிட வேண்டாம். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை.