கடைசிப் பிள்ளையும் கிளம்பியாச்சு, இனி ஆண்டவர் எனக்கு என்ன வச்சிருக்கார்?

மாலைத்தூறல் (கேள்வி):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சு இப்பதான் டைப் பண்றேன். எங்களுக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவளுக்கு கல்யாணம் ஆகி நாலு வருஷம், நடுவுல உள்ளவன் வேலைக்குப் போய்ட்டான், கடைக்குட்டி மூணு மாசம் முன்னாடி ஹாஸ்டல்ல சேர்ந்தா. அவ பெட்டிய இறக்கி வச்சிட்டு திரும்பி வந்த அன்னைக்கு ராத்திரி கதவப் பூட்டப் போனவ, பழக்கத்துல "எல்லாரும் வந்தாச்சா"ன்னு கேட்டுட்டேன். இவர் ஒண்ணும் பேசல, லைட்ட மட்டும் அணைச்சாரு.

எனக்கு 51 வயசு. காலைல எழுப்பி தலைல கை வச்சு ஜெபம் பண்ணி அனுப்புறது, பரீட்சை நேரத்துல கூடவே முழிச்சிருக்கறது, சண்டே ஸ்கூல் வசனம் மனப்பாடம் பண்ண வைக்கறது, இதான் ஆண்டவர் எனக்குக் கொடுத்த ஊழியம்னு நம்பித்தான் இத்தன வருஷம் செஞ்சேன், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. இப்போ அந்த ஊழியம் முடிஞ்சிடுச்சான்னு யாராவது சொல்லுங்க. சபைல கேட்டா "இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடுங்க, பேரப்பிள்ளைங்க வந்தா பாத்துக்கலாம்"ங்கறாங்க. நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மிஷனரி கூட்டத்துல "நான் போறேன் ஆண்டவரே"ன்னு கை தூக்கினவ நான். அந்தக் கை இன்னும் இறங்கலையோன்னு இப்ப தோணுது. எங்கயாவது போகணும், தெரியாத மனுஷங்க நடுவுல நிக்கணும், பயமா இருக்கற ஒரு காரியத்த அவர நம்பிச் செய்யணும்னு மனசு அடிச்சுக்குது. இந்த வயசுல இப்படி ஆசப்படறது சுயநலமா?

இன்னொண்ணும் இருக்கு. நானும் இவரும் தனியா உக்காந்தா பிள்ளைங்கள விட்டா பேச விஷயமே இல்ல. சண்டையெல்லாம் இல்ல, அமைதியாத்தான் இருக்கு, அது நல்ல அமைதிதானான்னு தெரியல.

நனைந்த மண்:

சிஸ்டர், "எல்லாரும் வந்தாச்சா"ங்கற இடத்துல போன கீழ வச்சிட்டு கொஞ்ச நேரம் அழுதுட்டேன். அஞ்சு வருஷம் முன்னாடி நானும் அங்கதான் இருந்தேன்.

சாமுவேலோட அம்மா அன்னாள நினைச்சுப் பாருங்க. கேட்டு வாங்குன பிள்ளைய பால்மறந்த உடனே ஆலயத்துல விட்டுட்டுத் திரும்புனவ. அதுக்கப்புறம் அவ மறந்துட்டாளா? வருஷா வருஷம் பலி செலுத்தப் போகும்போது ஒரு சின்னச் சட்டை தைச்சு எடுத்துட்டுப் போனான்னு 1 சாமுவேல் 2ல இருக்கு. பிள்ளை பக்கத்துல இல்ல, இந்த ஒரு வருஷத்துல எவ்வளவு வளந்திருப்பான், தோள் எவ்வளவு அகலமாயிருக்கும்னு மனசுலயே அளவெடுத்துத்தான தைச்சிருக்கணும். முழு மனசோட ஒப்புக்கொடுத்த தாய்க்கும் அந்த ஏக்கம் இருந்திருக்கு, அத வேதம் தப்புன்னு எங்கயும் சொல்லல. அதனால அழுகை வந்தா அழுங்க, விசுவாசக் குறைவுன்னு யாராவது சொன்னா மனசுல எடுத்துக்காதீங்க.

நான் பண்ண தப்பச் சொல்றேன். மகன் போன அடுத்த மாசமே சண்டே ஸ்கூல், பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு, வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் எல்லாத்துக்கும் பேர் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தா அந்த அமைதி தாங்கல, அதான். எட்டு மாசத்துல உடம்பு படுத்துடுச்சு. அப்பதான் புரிஞ்சுது, நான் ஊழியம் செய்யல, யாருக்காவது நான் தேவைப்படணும்னு ஓடிட்டு இருந்தேன். சண்டே ஸ்கூல் பிள்ளைங்க எம்பிள்ளைங்க மாதிரி ஒட்டலன்னு அதுங்க மேல வருத்தப்பட்டேன், பாவம் அதுங்க என்ன பண்ணும். ஒரு ஆறு மாசம் எதுக்கும் பேர் கொடுக்காம இருந்து பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன். உங்க வீட்டுக்காரர் கூட தினமும் அரை மணி நேரம் நடங்க, அந்த அரை மணி நேரம் பிள்ளைங்க பேச்சு வேணாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கோங்க. முதல் வாரம் ரொம்ப கஷ்டமா இருக்கும், எங்களுக்கு மரத்தையும் நாயையும் பத்திதான் பேச முடிஞ்சுது, மூணாவது வாரம் அவர் சின்ன வயசுல டீச்சராகணும்னு ஆசப்பட்ட கதையச் சொன்னாரு, 27 வருஷத்துல எனக்குத் தெரியாத விஷயம்.

இதயும் சொல்லிடறேன். இந்த வயசுல மாதவிடாய் நிக்கற நேரமும் இதோட சேர்ந்து வரும். தூக்கமே வரல, எதுலயும் மனசு ஒட்டல, இது வாரக்கணக்குல நீடிக்குதுன்னா ஜெபத்தோட சேர்த்து டாக்டரையும் பாருங்க.

மலைநாடு85:

பிரைஸ் தி லார்ட் சகோதரி. எனக்கு 63. மேல எழுதின சகோதரி நிதானமா இருங்கன்னு சொன்னது சரி, ஆனா ஆறு மாசம் கழிச்சும் அந்தக் கை இறங்கலன்னா இறக்காதீங்கன்னு நான் சொல்லுவேன்.

என் பேர்ல இருக்கற 85 காலேபோட வயசு. யோசுவா 14ஆம் அதிகாரத்த இன்னைக்கே ஒருதரம் வாசிங்க. 40 வயசுல கானான் தேசத்த வேவு பாக்கப் போனவர், 45 வருஷம் காத்திருந்து 85 வயசுல வந்து நிலத்துல பங்கு கேக்கறாரு. நல்ல சமவெளியா பாத்துக் கேட்டிருக்கலாம், யாரும் தப்பா நினைச்சிருக்க மாட்டாங்க. ராட்சத உருவம் உள்ள ஏனாக்கியர் இருக்கற, அரணான பட்டணங்கள் இருக்கற மலைநாட்டக் கேட்டாரு. கேட்டதோட நிக்கல, ஏனாக்கின் மூணு குமாரரையும் அங்கருந்து துரத்திவிட்டாருன்னு அடுத்த அதிகாரத்துல இருக்கு. ஆபிரகாம் ஆரான விட்டுக் கிளம்பும்போது 75, பார்வோன் முன்னாடி நின்னப்ப மோசேக்கு 80. உங்களுக்கு 51 தான் ஆகுது.

பைபிள் காலத்துல மட்டும்தான் நடக்கும்னு நினைக்க வேணாம். ஜார்ஜ் முல்லர்னா நமக்கு அநாதை இல்லங்கள்தான் ஞாபகம் வரும். 1871ல மகள் கல்யாணம் நடந்துச்சு, அந்த மருமகன் இல்லத்தோட பொறுப்புல கூட நின்னாரு, முல்லர் தன்னோட 69வது வயசுல 1875ல மனைவியோட பிரசங்கப் பயணம் கிளம்பினாரு. 17 வருஷம், 42 நாடு. விமானம் இல்லாத காலம், கப்பல்லயும் ரயில்லயும். இத வாசிச்ச அன்னைக்கு நான் என் மனைவியக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்ப நடைமுறைக்கு வர்றேன். குறுகிய கால ஊழியம்னு நிறைய இருக்கு. 1978ல ஆரம்பிச்ச மெர்சி ஷிப்ஸ்னு ஒரு அமைப்பு மருத்துவமனைக் கப்பல்கள் நடத்துறாங்க, அதுல சர்ஜன், நர்ஸ் மட்டும் தேவைன்னு நினைச்சேன், விசாரிச்சா சமையல், துணி துவைக்கறது, எலக்ட்ரிக்கல், பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறதுன்னு எல்லாத்துக்கும் ஆள் வேணும். ஆனா வாலண்டியர்ஸ் போக வர ஆகற செலவ அவங்களேதான் போட்டுக்கணும், பெரும்பாலும் சபையும் நண்பர்களும் தாங்குவாங்க.

நாங்க கப்பலுக்குப் போகல. காது கேளாத பிள்ளைங்க படிக்கற ஒரு பள்ளிக்கு ஆறு வாரம் போனோம். நான் பிளம்பிங் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், மனைவி கணக்கு பாத்தவ. போறதுக்கு முன்னாடியே நாங்களா முடிவு பண்ணிட்டோம், சுவருக்கு பெயிண்ட் அடிக்கணும், பிள்ளைங்களுக்கு கதை சொல்லணும்னு. அங்க போனா சுவருக்கு ஒண்ணுமில்ல, போன குழு அடிச்ச பெயிண்ட்டே பளபளன்னு இருக்கு. அவங்களுக்கு வேண்டியிருந்தது தண்ணி ஒழுகற பைப்ப யாராவது சரி பண்ணணும், மூணு வருஷமா குவிஞ்சு கிடக்கற ரசீத ஒழுங்கு பண்ணணும். அதனால எங்க போறதா இருந்தாலும் "நாங்க என்ன செய்யட்டும்"னு முதல்ல கேளுங்க, அவங்க சொன்ன வேலை உங்களுக்கு அழகா தெரியலன்னாலும் அதையே செய்ங்க. பிள்ளைங்க இருக்கற இடம்னா போலீஸ் சரிபார்ப்பு கேப்பாங்க, கேக்காத இடத்துக்குப் போகாதீங்க. அப்புறம் அந்தப் பிள்ளைங்க சைகைல ஜெபம் பண்றத முதல் நாள் பாத்தப்ப எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வரல, அத எழுத எனக்குத் தெரியல.

திறந்தகதவு:

அண்ணன் எழுதினது நல்லாயிருக்கு, ஆனா எல்லாராலயும் கிளம்பிட முடியாது. எங்க மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க, ஒரு ராத்திரி கூட வெளிய தங்க முடியாது. அதனால எனக்கு சாகசம் இல்லைன்னு ரொம்ப நாள் வருத்தத்துல இருந்தேன். இப்ப அந்த வருத்தம் இல்ல.

ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் கூடாரம் பண்ற தொழில் செஞ்சவங்க. அவங்களுக்குப் பிள்ளைங்க இருந்தாங்களா இல்லையான்னு வேதம் ஒண்ணும் சொல்லல. வீடு மட்டும் திரும்பத் திரும்ப வருது. பவுல் அவங்க கூட தங்கினாரு. அப்பொல்லோவ கூட்டிட்டுப் போய் தேவனோட மார்க்கத்த இன்னும் திட்டமா விளக்கினாங்க, அவர் அவ்வளவு பெரிய பேச்சாளர், ஜெப ஆலயத்துல எல்லார் முன்னாடியும் திருத்தாம தனியா கூப்பிட்டுப் பேசினாங்க. அப்புறம் சபையே அவங்க வீட்டுல கூடிச்சு. இதப் படிச்சப்ப எங்க வீட்டுல காலியா இருக்கற ரூம் எனக்கு வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது.

இப்ப அந்த ரூம்ல ஊர் விட்டு வந்து படிக்கற ஒரு பொண்ணு இருக்கா. முதல் ரெண்டு மாசம் சரியா பேசவே மாட்டா. ராத்திரி எத்தன மணிக்கு வந்தாலும் நான் லைட்ட எரியவிட்டு உக்காந்திருப்பேன், கேள்வி கேக்க மாட்டேன். இது நான் எங்க கத்துக்கிட்டேன்? எம்பசங்க பதினாறு பதினேழு வயசுல என்னைப் படுத்தின பாட்டுலதான். சிஸ்டர், உங்க ஊழியம் முடிஞ்சிடுச்சான்னு கேட்டீங்கல்ல, இத்தன வருஷம் நீங்க படிச்ச படிப்பு அது, இப்பதான் அத மத்தவங்களுக்கு செலவழிக்கற நேரம் வந்திருக்குன்னு நான் நினைக்கறேன்.

என் கணவர் மாசத்துல ரெண்டு சனிக்கிழமை சிறை ஊழியக் குழுவோட போறாரு (மாமியார அன்னைக்கு நான் பாத்துக்குவேன்). அங்க நிறைய விதி இருக்கு. என்ன குற்றம்னு கேக்கக் கூடாது, கடிதமோ பொருளோ உள்ள கொண்டு போகவோ வெளிய கொண்டு வரவோ கூடாது, வெளிய எடுத்து விடறேன்னு வாக்கு கொடுக்கவே கூடாது. வர்றேன்னு சொன்ன நாள்ல போய் நிக்கணும், அதுதான் அவங்களுக்கு எல்லாத்துக்கும் மேல. யாருமே பாக்க வராத ஒருத்தர் இவர "அண்ணா"ன்னு கூப்பிட்டு அடுத்த வாட்டியும் வருவீங்களான்னு கேட்டாராம். அத வீட்டுல வந்து சொல்லும்போது இவர் குரல் நடுங்குச்சு. எங்களுக்குப் பேச விஷயம் இல்லங்கற பிரச்சினை அன்னையோட போச்சு.

தூரத்துமகள்:

ஆன்ட்டி, நான் இங்க பேசலாமான்னு தெரியல, நான் வீட்ட விட்டுப் போன பிள்ளை. எனக்கு 23.

நான் கிளம்பினப்ப எங்கம்மா ஒரு நாளைக்கு மூணு தடவ ஃபோன் பண்ணுவாங்க. சாப்டியா, தூங்குனியா, ஜெபம் பண்ணியா. எனக்கு அவங்க மேல உயிரு, ஆனா ஒவ்வொரு தடவ ஃபோன வைக்கும்போதும் அவங்கள தனியா விட்டுட்டு வந்துட்டேங்கற குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும், அதனாலயே சில சமயம் எடுக்காம விட்டிருக்கேன். போன வருஷம் அம்மா ஒரு மருத்துவமனைல நோயாளிகளப் பாக்கற குழுல சேர்ந்தாங்க. கட்டில்ல உக்காரக் கூடாது, ஜெபிக்கட்டுமான்னு கேட்டு அவங்க சரின்னு சொன்னாத்தான் ஜெபிக்கணும், வேணாம்னா சிரிச்சிட்டு வந்துடணும், அங்க கேட்டத வெளிய சொல்லக் கூடாதுன்னு ட்ரெய்னிங் கொடுத்தாங்களாம். இப்பல்லாம் அம்மா ஃபோன் பண்ணா அவங்களுக்கே சொல்ல விஷயம் இருக்கு, யார் பேரும் சொல்ல மாட்டாங்க, ஆனா இன்னைக்கு ரொம்ப பயந்துட்டே உள்ள போனேன், ஆண்டவர் வார்த்தை கொடுத்தாருன்னு சொல்லுவாங்க. எங்கம்மா பயந்து ஒரு காரியம் செஞ்சத நான் பாத்ததே இல்ல. இப்ப நான்தான் அவங்களுக்காக ஜெபம் பண்றேன், அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு அவங்க கிட்ட இன்னும் சொல்லல.

நீங்க போங்க ஆன்ட்டி. உங்க பொண்ணுக்கு அது சுயநலமா தெரியாது.

மாலைத்தூறல்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி இத முழுசா இவர் கிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டினேன். அந்தத் தங்கச்சி எழுதினது வந்தப்ப நிறுத்த வேண்டியதாயிடுச்சு, மீதிய இவர்தான் வாசிச்சாரு.

வாசிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தோம். அப்புறம் இவர் சொன்னாரு, அந்த மிஷனரி கூட்டத்துல நீ கை தூக்கினத நான் பாத்தேன், நான் ரெண்டு வரிசை பின்னாடி இருந்தேன், எனக்கும் தூக்கணும்னு இருந்துச்சு, தைரியம் இல்லன்னு. 27 வருஷம் இத ஒரு வார்த்தை சொல்லல மனுஷன்.

இப்போதைக்கு பெருசா எதுக்கும் பேர் கொடுக்கல, நனைந்த மண் சிஸ்டர் சொன்ன மாதிரி நடக்க ஆரம்பிச்சிருக்கோம். ஆனா எங்க சபையிலயும் சிறை ஊழியத்துக்குப் போற குழு இருக்குன்னு விசாரிச்சதுல தெரிஞ்சுது. சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு அவங்கள சந்திச்சு சும்மா கேக்கறதுக்கு மட்டும் போறோம். திறந்தகதவு சிஸ்டர், பெண்கள் போறதா இருந்தா பெண்கள் பகுதிக்கு தனி அனுமதி வாங்கணுமா, எத்தன நாள் ஆகும்னு உங்க கணவர் கிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா? அடையாள அட்டை நகல் வேணும்னு சொன்னாங்க, இவர் இப்ப அலமாரிய முழுக்கக் கலைச்சு தேடிட்டு இருக்காரு.