ஆர்.எஃப். வயர் (நுனியில் ரேடியோ அதிர்வெண் கரண்ட் பாய்ச்சித் துளைக்கும் கம்பி) பல்மனரி வால்வை (இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழியில் உள்ள வால்வு) துளைக்கவில்லை. மூன்றாம் தடவை ஹை இம்பீடன்ஸ் (மின்தடை அதிகம்). எங்கே பார்ப்பது?

கேள்வி (ஃபெலோ):
பிறந்து 4 நாள், 2.8 கிலோ. பல்மனரி அட்ரீசியா (அந்த வால்வு பிறவியிலேயே மூடியிருப்பது), வென்ட்ரிக்கிள் (இதயக் கீழறை) இடைச்சுவரில் ஓட்டை இல்லை. அடைப்பு சவ்வு மாதிரிதான். கரோனரி (இதயத் தசைக்கான) ரத்த ஓட்டம் ஆர்.வி.யை (வலது வென்ட்ரிக்கிளை) நம்பி இல்லை என்று ஆஞ்சியோவில் உறுதி செய்தாயிற்று. 4 ஃபிரெஞ்ச் ஜட்கின்ஸ் ரைட் கதீட்டர் (ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழல்) வழியாக 0.024 அங்குல ஆர்.எஃப். வயர், 5 வாட், 2 விநாடி. இரண்டு தடவை கொடுத்தும் போகவில்லை, மூன்றாவதில் ஹை இம்பீடன்ஸ் காட்டி மெஷின் நின்றுவிட்டது. பிராஸ்டகிளாண்டின் (அயோர்ட்டாவையும் பல்மனரி தமனியையும் இணைக்கும் டக்டஸ் குழாயைத் திறந்து வைக்கும் மருந்து) ஓடுகிறது, ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் 82. நாளை மறுபடி போகிறோம். வாட்டை ஏற்றலாமா?

பதில் (கேத் லேப் டெக்னீஷியன்):
முதல் இரண்டு தடவை மெஷின் ஒழுங்காகக் கொடுத்திருப்பதால் கேபிள் மேல் சந்தேகம் குறைவு டாக்டர். நுனியில் கருகிய ரத்தம் அப்பியிருக்கும். அது மூடிக்கொண்டால் கரண்ட் திசுவுக்குள் இறங்காது. வயரை முழுதாக வெளியே எடுத்து, சலைனில் நனைத்த காஸால் துடையுங்கள். பிளேடால் சுரண்டினால் இன்சுலேஷன் போய்விடும். அடுத்தது பேட் (கரண்ட் திரும்பிப் போகத் தோலில் ஒட்டுவது). குழந்தைகளுக்கான அளவா, முழுப் பரப்பும் ஒட்டியிருக்கிறதா? பெட்டாடைன் விளிம்புக்கு அடியில் வழிந்திருந்தால் தோலைத் துடைத்துப் புதிது ஒட்டுங்கள்.

பதில் (கன்சல்டன்ட்):
வாட் பிறகு, குறி முதலில். லேட்டரல் (பக்கவாட்டு எக்ஸ்ரே) வியூவில் கதீட்டர் நுனி வால்வின் நடுவில் நிற்கிறதா, முன்பக்கத் தசை மடிப்பில் செருகியிருக்கிறதா? தொடைத் தமனி வழியாக டக்டஸைத் தாண்டி பல்மனரி தமனியில் ஒரு ஸ்னேரை (கம்பி வளையத்தை) விரித்து வையுங்கள். இரண்டு வியூவிலும் வயர் அந்த வளையத்தை நோக்க வேண்டும். ஒரு வியூவில் மட்டும் சரியாக இருந்தால் சுடவே (கரண்ட் கொடுக்கவே) கூடாது.

வயர் கதீட்டருக்கு வெளியே 1–2 மி.மீ. நீட்டி, வால்வை மெதுவாகத் தொட வேண்டும். சுடும்போது ஃபிளஷ் (கதீட்டர் வழியாக சலைன் செலுத்துவது) வேண்டாம், சலைன் கரண்டைக் கலைத்துவிடும். இதெல்லாம் சரியாக இருந்தும் போகவில்லையானால் 10 வாட் வரை ஏற்றலாம். நேரத்தை இழுக்காதீர்கள்: சின்ன நுனியில் அதிக வோல்டேஜ் வந்தால்தான் செல்லுக்குள் இருக்கும் நீர் கணத்தில் ஆவியாகித் துளை விழும். இழுத்தால் திசு வேகும், நுனி கருகும். (அப்லேஷன் மெஷினை இரவல் வாங்கும் யோசனையும் வேண்டாம், அது வேகவைக்கத்தான்.)

கேள்வி (ஃபெலோ):
போய்விட்டது என்று எதை வைத்து நம்புவது? ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எப்போது?

பதில் (கன்சல்டன்ட்):
வயர் தடையில்லாமல் டக்டஸ் வழியாக இறங்கு அயோர்ட்டாவுக்குப் போக வேண்டும். இதய நிழலின் ஓரத்தைச் சுற்றி வளைந்தால் அது பெரிகார்டியம் (இதயத்தைச் சுற்றியுள்ள உறை). வயரை மட்டும் பின்னுக்கு இழுங்கள், அதன்மேல் எதையும் ஏற்றாதீர்கள், உடனே எக்கோ பாருங்கள். வயர் போட்ட ஓட்டை பெரும்பாலும் தானே அடைபடும். பலூன் போட்ட ஓட்டை அடைபடாது. ஹெப்பாரினைத் துளை உறுதியான பிறகு கொடுப்பதே என் வழக்கம், கிலோவுக்கு 50–100 யூனிட். ஆரம்பத்திலேயே கொடுப்பவர்களும் உண்டு. அப்படியானால் புரோட்டமைன் (ஹெப்பாரினை முறிக்கும் மருந்து) சிரிஞ்சில் எடுத்துத் தயாராக இருக்கட்டும்.

உறுதியானதும் கோஆக்ஸியல் கதீட்டரை (வயர் மேலேயே நகரும் மெல்லிய குழலை) மேலேற்றி, ஆர்.எஃப். வயரை உருவி, 0.014 வயர் மாற்றுங்கள். முதலில் 2 அல்லது 2.5 மி.மீ. கரோனரி பலூன், பிறகு ஆனுலஸில் (வால்வு வளைய அளவில்) 120–130 சதவீதம். பிராஸ்டகிளாண்டினை அன்றே நிறுத்திவிடாதீர்கள், ஆர்.வி. இறுகியிருக்கும், விரிந்துகொடுக்க நாளாகும்.

பதில் (டெக்னீஷியன்):
பெரிகார்டியல் ட்ரெயின் செட்டை (பெரிகார்டியத்தில் தேங்கும் ரத்தத்தை வெளியேற்றும் கருவிகளை) மேசை மேலேயே பிரித்து வையுங்கள். அலமாரியில் தேடுவதற்கு அப்போது நேரம் இருக்காது.