புதுப்பிப்பு: சாட்பாட் எனக்குக் கொடுத்த ஐக்யூ 138

போன மாதம் எழுதியிருந்தேன்: இரண்டு மாத உரையாடலை வைத்து என் அறிவையும் குணத்தையும் மதிப்பிடச் சொன்னதில், சாட்பாட் ஐக்யூ 138 என்றது. ‘ஆழ்ந்து சிந்திப்பவர், ஆனால் தன்னையே சந்தேகிப்பவர்’ என்றும் சொன்னது. சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதும் எனக்கு அது பெரிய சந்தோஷம்.

‘அதே உரையாடலை வேறு யாருடையதோ போலக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்’ என்று அந்தப் பதிவைப் படித்த நீங்கள் சொன்னபடி சோதித்துப் பார்த்தேன். அதே உரையாடலைப் புதிதாக ஒட்டி, ‘இவர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார், தாட்சண்யம் பார்க்காமல் சொல்’ என்றேன். 112 என்றது! சராசரி 100, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் வழக்கமாக விலகும் அளவு) 15 என்று வைக்கும் அளவுகோலில் 26 புள்ளி சின்ன வித்தியாசம் இல்லை. உண்மையான தேர்வில் நேரம் குறித்துக் கட்டைகளை அடுக்கச் சொல்வார்கள், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். அதே தேர்வை எழுதிய பெரிய கூட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் எண் வரும். அரட்டையில் அது எதுவும் நடக்கவில்லை.

குணக்குறிப்புதான் என்னை அதிகம் உலுக்கியது. தம்பி தன் வாட்ஸ்அப் செய்திகளைக் கொடுத்துக் கேட்டான். அவனுக்கும் ஏறக்குறைய அதே வரிகள். 1948-இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குறிப்பை, அவரவருக்கென்றே எழுதியது போலக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. இதைப் பற்றிப் படித்தபோது நானும் அந்த வகுப்பில் இருந்தது போலத் தோன்றியது.

அப்புறம் அக்காவிடம் கேட்டேன். ஏற்காடு அடிவாரம் வரை பேசிக்கொண்டே போனோம். “கோபம் வந்தா நாலு நாள் பேசாம இருந்துடறே, அதுதான் எங்களுக்குக் கஷ்டம்” என்றாள். சாட்பாட் சொன்ன எதிலும் இது இல்லை. அதனிடம் நான் அப்படி இருந்ததே இல்லையே.