கன்னியா மாதிரி எண்கள் எல்லாம் திகதியாகிப் போச்சு, மெட்டாடேட்டா கோப்பு ஓடுதில்லை. உதவி தேவை

கிணத்தடி:
வணக்கம், திருகோணமலையில இருந்து எழுதுறன். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலயும் மூண்டு மூண்டு போத்தல் தண்ணி எடுத்து, 16எஸ் தரவு (தண்ணியில என்ன பக்டீரியா இருக்கு எண்டு காட்டுற மரபணு வரிசை) போன கிழமை கைக்கு வந்தது. அதைப் பகுக்கிற கியூம் 2 மென்பொருளில டினாய்ஸ் (வரிசைப் பிழைகளை நீக்கிற கட்டம்) வரைக்கும் ஒரு பிழையுமில்லை. டைவர்சிட்டி (பல்வகைமை ஒப்பிடுற) கட்டத்தில மெட்டாடேட்டா கோப்பை (மாதிரிகளின்ர விவரப் பட்டியல்) குடுத்தால், 21 மாதிரியும் அதில இல்லையாம். என்ர மாதிரி எண்கள் 1-1 இல இருந்து 7-3 வரை. முதல் இலக்கம் கிணறு, அடுத்தது போத்தல். எக்செல்லில பார்த்தால் 1-1 இருந்த இடத்தில 01-ஜன் எண்டு கிடக்கு. கலத்தை டெக்ஸ்ட் ஆக்கினன், 45658 எண்டு வந்தது. இரண்டு நாளா நித்திரையில்லை.

கொட்டியாரக்கரை:
தங்கச்சி, தரவுக்கு ஒண்டும் நடக்கேல்ல. 1-1 ஐ எக்செல் திகதி எண்டு எடுத்திட்டுது. 45658 எண்டது 2025 ஜனவரி 1. திகதியை உள்ளுக்குள்ள அது அப்பிடித்தான் எண்ணி வைக்கிறது. டெக்ஸ்ட் ஆக்கினாலும் பழைய 1-1 திரும்பாது.

ஒண்டு கேக்கிறன்: இந்தக் கோப்பை ஒரு கணினியிலதான் திறந்தீங்களா?

கிணத்தடி:
இல்லை அண்ணை. முதல் பாதி என்ர மடிக்கணினியில, மிச்சம் ஆய்வுகூடக் கணினியில.

கொட்டியாரக்கரை:
அப்ப கவனம். நாள் முன்னுக்கு வாற அமைப்பில 2-1 எண்டு அடிச்சால் ஜனவரி 2. மாதம் முன்னுக்கு வாற அமெரிக்க அமைப்பில 1-2 எண்டு அடிச்சாலும் அதே ஜனவரி 2. திகதியைப் பார்த்து எண்ணைத் திருப்பி எழுதினீங்களெண்டால் இரண்டாம் கிணற்றுத் தண்ணி முதலாம் கிணற்றுக்குப் போயிடும். கியூம் ஒரு பிழையும் காட்டாது, எண் ரெண்டும் இருக்கிறது தானே. வரைபடம் வடிவா வரும், ஆனால் பொய். களக்கொப்பியை எடுத்து வைச்சு 21 வரியையும் புதுசா அடியுங்க. அடிக்க முதல் அந்த நிரலை டெக்ஸ்ட் ஆக்குங்க.

ஆய்வுகூட_அக்கா:
இதுக்குப் பயந்துதான் 2020 இல மனித மரபணுப் பெயரிடல் குழுவே செப்ட்1 எண்ட மரபணுப் பெயரை (எக்செல்லுக்கு அது செப்டம்பர் 1) செப்டின்1 எண்டு மாத்தினது. அடுத்த முறை எண்ணுக்கு முன்னால ஒரு ஆங்கில எழுத்துப் போடுங்க, கே1-1 மாதிரி. இந்த முறை 1-1 ஆகவே விடுங்க, தரவு அந்தப் பெயரிலதான் வந்திருக்கு.

வெப்பநிலை நிரலில 42 க்குப் பக்கத்தில பாகை எண்டு எழுதினீங்களா? அப்பிடியெண்டால் கியூம் முழு நிரலையும் எண்ணா இல்லாமல் சொல்லாத்தான் எடுக்கும். அளக்காத இடத்தை வெறுமையா விடுங்க. கிணறு 1 முதல் 7 எண்ட நிரல் இதுக்கு மறுபக்கம்: அதை அளவு எண்டு எடுத்திடும், பிறகு கிணறுகளைக் குழுவா ஒப்பிட விடாது. தலைப்புக்கு நேர கீழ #கியூ2:டைப்ஸ் எண்ட வரியை ஆங்கிலத்தில போட்டு, அந்த நிரலுக்கு கேட்டகொரிக்கல் (அளவில்லை, வகை) எண்டு குடுங்க.

கிணத்தடி:
ஓம் அக்கா, பாகை எழுதித்தான் வைச்சிருந்தன். கிணற்றுக் குறிப்பைத் தமிழில எழுதின நிரல் முழுக்கக் கேள்விக்குறியா வந்திருக்கு, அது ஏன்?

ஆய்வுகூட_அக்கா:
எக்செல்லின்ர டாப் டிலிமிட்டெட் சேமிப்புத் தமிழைத் தாங்காது. கூகிள் ஷீட்ஸில வைச்சு டிஎஸ்வி ஆ (அதுவும் டாப் பிரிச்ச கோப்புத்தான்) இறக்குங்க, தமிழைத் தாங்கிற யூடிஎஃப்-8 குறியீட்டில வரும். அங்கயும் முதல்ல நிரலை பிளெயின் டெக்ஸ்ட் ஆக்குங்க.

கிணத்தடி:
ஓடிட்டுது! கொப்பியோட ஒப்பிட்டுப் பார்த்தன்: 1-2 உம் 2-1 உம் உண்மையாவே மாறித்தான் கிடந்தது. அண்ணை கேட்டிராட்டில் அப்பிடியே அனுப்பியிருப்பன். இரண்டு பேருக்கும் மனசார நன்றி.