பிளேட்டோ கவிஞர்களுக்குப் பயந்தது சரிதானா?

முதல்வாசகி:
தத்துவம் படிக்கத் தொடங்கி நாலு மாதம்தான் ஆகிறது. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் பத்தாம் பகுதிக்கு வந்து நின்றுவிட்டேன். நீதியான ஒரு நாட்டைப் பேச்சிலேயே செங்கல் செங்கலாகக் கட்டிவிட்டு, கடைசியில் கவிஞர்களுக்கு அங்கே இடமில்லை என்கிறார். கட்டில் என்ற கருத்து ஒன்று இருக்கிறது. அதை மனதில் வைத்துத் தச்சர் ஒரு கட்டில் செய்கிறார். ஓவியரோ தச்சர் செய்த கட்டிலின் தோற்றத்தை மட்டும் வரைகிறார். ஆக, ஓவியம் உண்மையை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டது என்பது முதல் குற்றச்சாட்டு. அது என்னைப் பெரிதாகத் தொடவில்லை. இரண்டாவதுதான் உறுத்துகிறது: காயவிட வேண்டிய அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் கவிதை தண்ணீர் ஊற்றி வளர்க்கிறதாம்.

இது வெறுப்பா, மரியாதையா? ஒன்றுக்கும் உதவாத விஷயத்தை யாரும் நாடு கடத்தமாட்டார்களே.

தனிமரம்:
பயம்தான். அந்தப் பயத்தில் ஒரு பெரிய தவறும் இருக்கிறது. 'கலை என்ன செய்யும், குடிமக்களை என்ன ஆக்கும்' என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனால் கலையைத் தவிர மற்ற எல்லாம் கண்ணில் படும்.

அழகையும் ரசனையையும் பற்றி 1790இல் வந்த நூலில் ஜெர்மன் தத்துவஞானி காண்ட் ஓர் அரண்மனையைக் காட்டுகிறார். இது அழகாக இருக்கிறதா என்று ஒருவர் உங்களைக் கேட்கிறார். நீங்கள் ஆடம்பரத்தைச் சாடிய சிந்தனையாளர் ரூசோவின் பாணியில், 'மக்களின் வியர்வையை இப்படி வீண் ஆடம்பரத்துக்கு உறிஞ்சிவிட்டார்களே' என்று திட்டலாம். ஆளில்லாத தீவில் இருந்தால் எனக்கு ஒரு குடிசை போதும் என்றும் சொல்லலாம். அதையெல்லாம் காண்ட் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் இப்போது கேட்டது அது இல்லை என்கிறார். கேட்டது, உங்கள் கண் முன்னால் இருக்கும் அந்தத் தோற்றம் மட்டும் உங்களுக்கு மகிழ்ச்சி தருகிறதா என்பதுதான். லாபமோ நஷ்டமோ, கட்சியோ கொள்கையோ உள்ளே வராத ஓர் இடம் மனிதனுக்கு வேண்டும். கற்பனை மூச்சு விடுவது அங்கேதான்.

நெருஞ்சி:
அதே அரண்மனைக்கு நானும் வருகிறேன். "இப்போது கேட்டது அது இல்லை" என்ற வாக்கியத்தைச் சொல்பவர் யார்? வியர்வை சிந்தியவர் அந்த வாசலில் நின்றால் அவரிடம் இதைச் சொல்ல வாய் வருமா? ஒரு பொருளைப் பார்க்கும்போது எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று வரம்பு போடுவதே அரசியல்தான். கோபத்தை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வாருங்கள் என்றால், கோபப்படக் காரணம் உள்ளவர்கள் எல்லாரும் வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும்.

பிளேட்டோவின் தீர்வு எனக்கு வேண்டாம். ஆனால் நோயைச் சரியாகப் பிடித்தவர் அவர்தான். கற்பனை சும்மா இருப்பதில்லை.

பழையசுவடி:
முதல்வாசகிக்கு மட்டும் ஒரு வார்த்தை. கதவை பிளேட்டோ முழுக்கச் சாத்தவில்லை, அம்மா. அதே பத்தாம் பகுதியில் இன்னும் சில பக்கம் தள்ளிப் போங்கள். கவிதை இனிமையானது மட்டுமல்ல, நாட்டுக்கும் வாழ்வுக்கும் பயனுள்ளது என்று கவிதையை நேசிக்கிறவர்கள் உரைநடையில் வாதாடிக் காட்டட்டும், மனமுவந்து கேட்போம் என்கிறார். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் எழுந்து வாதாடியதாகவே நான் வாசிக்கிறேன். நடந்ததை வரலாறு சொல்கிறது, நடக்கக்கூடியதைக் கவிதை சொல்கிறது, அதனால் கவிதைதான் தத்துவத்துக்கு நெருக்கம் என்பது அவருடைய பதில். 'நடக்கக்கூடியது' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரசியலுக்கும் அதுதானே மூலப்பொருள்?

தனிமரம்:
ஐயா சொல்வது சரி. ஆனால் நெருஞ்சியிடம் நேராகக் கேட்கிறேன். கலை அரசியலுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றால், யாருடைய அரசியலுக்கு? 1937 ஜூலையில் மியூனிக்கில் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று பெயர் வைத்து ஒரு கண்காட்சி திறந்தார்கள். நவீன ஓவியங்களையும் சிற்பங்களையும் அறுநூறுக்கு மேல் கொண்டுவந்து, கோணல்மாணலாகத் தொங்கவிட்டு, சுவரில் கேலி வாசகம் எழுதிவைத்தார்கள். 'இது நாட்டுக்கு என்ன செய்கிறது' என்ற அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். அதற்கு முந்தைய நாள், பக்கத்திலேயே அவர்களுக்குப் பிடித்த கலைக்கு ஒரு பெரிய கண்காட்சியும் திறந்தாயிற்று. நான் கேட்கும் அந்தத் தனி இடம் சொகுசுக்காக இல்லை. அதுதான் வேலி.

நெருஞ்சி:
நல்ல கேள்வி. தட்டிக்கழிக்க மாட்டேன்.

அதே 1937ஐ எடுத்துக்கொள்வோம். பாரிஸ் கண்காட்சியில் தங்கள் அரங்குக்கு ஓர் ஓவியம் வேண்டும் என்று, உள்நாட்டுப் போரில் இருந்த ஸ்பெயின் குடியரசு அரசு ஓவியர் பிகாசோவிடம் அந்த ஆண்டு ஜனவரியிலேயே கேட்டிருந்தது. ஏப்ரல் 26 அன்று, அந்த அரசின் எதிரிகளுக்கு ஆதரவாக வந்த ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் ஸ்பெயினின் குவெர்னிகா என்ற ஊரின் மேல் குண்டு போட்டன. மே மாதம் தொடங்கி ஜூன் தொடக்கத்துக்குள் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் உள்ள 'குவெர்னிகா' படத்தை பிகாசோ முடித்துவிட்டார். அரசாங்கம் கேட்டு வரைந்தது, ஒரு போரில் ஒரு பக்கம் நின்று வரைந்தது. உங்கள் கணக்குப்படி அது கலையாகவே ஆகியிருக்கக் கூடாது.

இப்போது நியூரம்பெர்க்கில் 1934இல் நடந்த நாஜி மாநாட்டை வைத்து ஜெர்மன் இயக்குநர் ரீஃபென்ஷ்டால் எடுத்த திரைப்படத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் அரசியல்தான், அதிலும் திறமை கொட்டிக்கிடக்கிறது. வித்தியாசம் எங்கே? அந்தப் படத்தில் கேமரா தலைவரைக் கீழிருந்து நிமிர்ந்து பார்க்கிறது. மக்களைக் கோடு கோடாக, கட்டம் கட்டமாக ஆக்கிவிடுகிறது. பார்க்கிறவன் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை, சேர்ந்துகொண்டால் போதும். பிகாசோவின் படத்தில் இறந்த குழந்தையோடு அலறும் தாய் இருக்கிறாள், உடைந்த வாளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூ இருக்கிறது, குதிரை இருக்கிறது. விமானம் இல்லை. எதிரியின் முகமும் இல்லை. மேலிருந்து வந்தது என்ன என்பதை நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். அடுத்தவர் இடத்தில் போய் நிற்கும்படி நம் கற்பனையை வேலை வாங்குகிறது ஒன்று, அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது மற்றொன்று. படைப்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை விட எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

தனிமரம்:
அழகான அளவுகோல். ஆனால் உடைகிறதே. ஸ்பெயின் ஓவியர் கோயா 1814இல் வரைந்த 'மே 3, 1808' ஓவியத்தைப் பாருங்கள். நெப்போலியனின் படை மாட்ரிட்டில் மக்களைச் சுட்டுக்கொல்லும் காட்சி. சாகப்போகிறவர்களுக்கு முகம் உண்டு, வியர்வை உண்டு, கண்ணைப் பொத்திக்கொள்ளும் கைகள் உண்டு. சிப்பாய்களுக்கு ஒரு முகமும் கிடையாது. வரிசையாக முதுகு, வரிசையாகத் துப்பாக்கி. நியூரம்பெர்க் படம் கூட்டத்தைச் செய்ததைத்தான் கோயா சிப்பாய்களைச் செய்திருக்கிறார். அவர்கள் இடத்தில் போய் நிற்க நமக்கு வழியே இல்லை. அப்படியானால் இதுவும் பிரச்சாரம் என்று சொல்லத் தயாரா?

நெருஞ்சி:
இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். உடனே பதில் இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

முதல்வாசகி:
நான் இடையில் வரலாமா? நீங்கள் சொன்ன கோயா படத்தைத் திரையில் பெரிதாக்கி அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தரையில் ஒரு சதுர விளக்கு. வெளிச்சம் முழுக்க அந்த வெள்ளைச் சட்டைக்காரர் மேல். இரண்டு கையையும் விரித்து மண்டியிட்டிருக்கிறார். மண்டியிட்டும் எல்லாரையும் விட உயரமாகத் தெரிகிறார். அவருடைய வலது உள்ளங்கையில் ஒரு காயம் மாதிரி குறி இருக்கிறது.

சிப்பாய்களின் முகம் ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். நாம் நிற்கும் இடம் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் ஒதுங்கினாற்போல. அவர்கள் பார்க்கும் பக்கம்தான் நாமும் பார்க்கிறோம். அவர்கள் இடத்தில் போய் நிற்க வழியில்லை என்றீர்கள். எனக்கென்னவோ ஏற்கெனவே அங்கேதான் நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. அதைக் கண்டுகொண்டதும் வயிற்றில் என்னவோ செய்தது. கோயா இதை நினைத்துத்தான் வரைந்தாரா என்பது எனக்குத் தெரியாது. படத்தில் இருக்கிறது.

பழையசுவடி:
நாலு மாதத்தில் இவ்வளவு பார்க்கக் கற்றிருக்கிறீர்கள். சந்தோஷம்.

தனிமரத்துக்கு ஒன்று. உங்கள் காண்ட்டே அதே நூலில் பின்னால் ஓர் இடத்தில், மற்ற ஒவ்வொருவருடைய இடத்திலும் தன்னை வைத்து யோசிப்பதை ரசனையைப் பற்றிய பேச்சோடு சேர்த்துச் சொல்கிறார். அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் 1970இல் நடத்திய வகுப்புகளில் அந்த நூலை எடுத்து, காண்ட் எழுதாமல் விட்ட அரசியல் தத்துவம் இதற்குள் இருக்கிறது என்று வாதாடினார். நீங்கள் வேலி என்று சொன்னது அவருக்கு வாசலாகத் தெரிந்தது.

தனிமரம்:
ஆரெண்டை மறுக்க மாட்டேன், ஐயா. முதல்வாசகி பார்த்ததையும் மறுக்க முடியாது. அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், நான் எங்கே நிற்கிறேன் என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

ஆனாலும் ஒன்று. அவர் எழுதியதன் வரிசையைக் கவனியுங்கள். முதலில் விளக்கு, அப்புறம் வெளிச்சம், அப்புறம் வெள்ளைச் சட்டை. அந்த வெள்ளை அவரைப் படத்துக்குள் இழுத்த பிறகுதான் முதுகுகளும் துப்பாக்கிகளும் வந்தன. அந்த வெள்ளையை ஒரு கொள்கைக்காக அவர் பார்க்கவில்லை. கண்ணுக்குப் பிடித்ததால் பார்த்தார். அந்த முதல் பார்வையைத்தான் நான் காப்பாற்றப் பார்க்கிறேன்.

நெருஞ்சி:
வந்துவிட்டேன். நான் தேடியதைவிட நல்ல பதிலை முதல்வாசகியே தந்துவிட்டார். என் அளவுகோலிலும் ஒரு திருத்தம் வேண்டும். 'அடுத்தவர் இடத்தில் நிற்பது' என்று எழுதியபோது பாதிக்கப்பட்டவரின் இடத்தை மட்டும் மனதில் வைத்திருந்தேன். சுடுகிறவனின் இடத்தில் நிறுத்தப்படுவதும் அதில் சேரும். அது இன்னும் கஷ்டமானது.

தனிமரம், சட்டையைப் பார்த்ததுக்கும் அதற்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்று உணர்ந்ததுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கும்? அரை நொடி? அந்த அரை நொடியை உங்களுக்கு விட்டுத்தருகிறேன். அரண்மனையைத் தரமாட்டேன்.