கால்நடை வளர்ப்பு அறிவியலைப் பள்ளியில் தனிப்பாடமாக வைக்க வேண்டுமா?

பசுந்தீவனம் (விலங்கியல் ஆசிரியர்):

உயர்நிலை வகுப்புகளில் கால்நடை வளர்ப்பு அறிவியலைத் தனிப்பாடமாக்க வேண்டும் என்பதும், அதற்கென விலங்குகளைப் பள்ளி வளாகத்திலேயே வளர்க்க வேண்டும் என்பதும் என் முன்மொழிவு. இதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்பவர்கள், பசுவின் வயிற்றுக்குள் நடப்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அதன் இரைப்பையில் நான்கு அறைகள் உள்ளன. வளர்ந்த பசுவில், பெருவயிறு எனப்படும் முதல் அறை மட்டுமே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். புல்லின் செல்லுலோஸைச் சிதைக்கும் நொதியைப் பசுவின் உடல் சுரப்பதில்லை. பெருவயிற்றில் வாழும் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை ஆகியவை அந்த வேலையைச் செய்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை வெளியிட, பசு தன் ஆற்றலில் பெரும்பகுதியை அவற்றிலிருந்துதான் பெறுகிறது. வேதியியலும் நுண்ணுயிரியலும் சூழலியலும் இப்படி ஒரே தொழுவத்தில் கூடிவரும்போது, அவற்றை மூன்று பாடநூல்களில் பிரித்து மனப்பாடம் செய்ய வைப்பது ஏன்?

அளவுகோல் (இயற்பியல் ஆசிரியர்):

நண்பர் சொன்ன வேதியியலை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு உயிரியல் பாடத்தில் ஓர் அத்தியாயம் போதும். மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வகுப்பறையிலேயே சொல்கிற வழக்கம் நம்மிடம் உள்ளவரை, இப்படி ஒரு தனிப்பாடத்தில் யார் கொண்டுபோய்த் தள்ளப்படுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கணக்கில் தேறாதவர்களுக்கான ஒதுக்கிடமாக அது மாறிவிடும். பிறகு அந்த மாணவர்கள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இயற்பியலும் வேதியியலும் இல்லாத சான்றிதழோடு வாசலில் நிற்பார்கள்.

அறிவியல் என்ற பெயரிலும் எனக்கு ஐயம் உண்டு. ஒரு பள்ளி நான்கு ஆடுகளை வளர்க்கிறது என்று வையுங்கள். ஒன்று மற்றவற்றைவிட நன்றாகக் கொழுக்கிறது. அதற்குக் காரணம் தீவனமா, மரபா, மற்ற மூன்றின் வயிற்றிலும் புழு இருந்ததா? நான்கே ஆடுகளை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. தற்செயலைக் காரணம் என்று நம்பும் பழக்கமே மிஞ்சும்.

வெள்ளைக்கோட்டு (கால்நடை மருத்துவர்):

இருவரும் ஆசிரியர்கள் என்பதால் பாடத்திட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் நோயைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. விலங்கிலிருந்து மனிதருக்கும் தொற்றும் கன்றுவீச்சு நோய், கியூ காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகள் ஈன்ற விலங்கின் நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும் மிகுதியாக இருக்கக்கூடும். கியூ காய்ச்சலின் கிருமி காற்றில் கலந்தும் பரவும். ஆகவே, ஈற்றைப் பார்ப்பது நல்ல பாடம் என்று எண்ணிப் பரிசோதிக்கப்படாத சினை ஆட்டைச் சுற்றி முப்பது பிள்ளைகளை நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளிக்கு வரும் விலங்கு முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதாகவும், தடுப்பூசி போடப்பட்டதாகவும், சில வாரம் தனியே வைத்துக் கண்காணிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

அதே வேளையில், ஓர் அத்தியாயம் போதும் என்பதையும் ஏற்க இயலாது. மனிதக் குழந்தை, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்களான தாயின் எதிர்ப்பொருள்களில் ஒரு பகுதியை நஞ்சுக்கொடி வழியாகவே பெற்றுப் பிறக்கிறது. கன்றுக்கு அந்த வழி இல்லை. அது ஏறக்குறைய வெறுங்கையோடு பிறந்து, சீம்பாலிலிருந்தே எல்லாவற்றையும் பெற வேண்டியிருக்கிறது. அந்தப் பெரிய புரத மூலக்கூறுகளை முழுதாக உள்ளே விடும் கன்றின் குடல், மணிக்கு மணி இறுகிக்கொண்டே போய், சுமார் 24 மணி நேரத்தில் கதவை மூடிவிடுகிறது. முதல் சில மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீம்பால் புகட்டச் சொல்வது இதனால்தான். நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கறக்காமல் காத்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். நோய் எதிர்ப்பாற்றல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் அவர்களில் உண்டு!

ஒரு மாணவியின் தாய்:

நான் எந்தத் துறையும் சார்ந்தவள் அல்லேன். ஆண்டு முழுவதும் என் மகள் தீவனம் வைத்து வளர்த்த ஆட்டுக்கு ஆண்டிறுதியில் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லவில்லையே? விற்பீர்களா, அறுப்பீர்களா, அதை அவளிடம் எப்போது சொல்வீர்கள்?

பசுந்தீவனம்:

அம்மையீர், முதல் நாளே சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து; அதுவும் எழுத்தில், பெற்றோர் கையொப்பத்துடன். முட்டைக் கோழி, கறவை ஆடு ஆகியவற்றோடு தொடங்கினால் கேள்வியைத் தள்ளிப்போடலாமே தவிரத் தவிர்க்க முடியாது. கறவைக்காக வளர்க்கும் ஆட்டுக்கும் கிடாக்குட்டி பிறக்கும். அதன் கதி என்ன என்பதும் இந்தப் பாடத்தின் பகுதிதான். அதை மறைத்துவிட்டுப் பாலை மட்டும் கற்பிப்பது நேர்மையாகாது.

நான்கு ஆடுகளால் எதையும் நிறுவ முடியாது என்பது சரிதான். தொழுவத்தில் கற்பது பெரும்பாலும் உற்றுநோக்கல். ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உருளைப்புழு ஒன்று உண்டு. அதன் தாக்கத்தை அறிய, ஆட்டின் கீழ் இமையை மெல்ல இழுத்து, உள்சவ்வின் நிறத்தைத் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்ட ஃபமாச்சா அட்டையின் ஐந்து நிறங்களோடு ஒப்பிடுகிறோம். நல்ல சிவப்பென்றால் மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் உடனே வேண்டும். எல்லா ஆட்டுக்கும் ஒருசேர மருந்து கொடுத்தால் அதைத் தாங்கும் புழுக்களே தப்பிப் பெருகும் என்பதால், சோகை கண்டவற்றுக்கு மட்டும் கொடுத்து, மருந்தைத் தாங்காத புழுக்களையும் மந்தையில் விட்டுவைக்கிறோம். இயற்கைத் தேர்வை ஒரு மாணவன் கைவிரலால் தொட்டுப் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தீவனக் கணக்கும் அப்படியே. 10 விழுக்காடு புரதமுள்ள தானியத்தையும் 40 விழுக்காடு உள்ள பிண்ணாக்கையும் கலந்து 20 விழுக்காடு பெற, இரண்டுக்கு ஒன்று என்று யாரும் போட்டுவிடுவார்கள். ஆனால் பசும்புல்லில் ஏறக்குறைய 80 விழுக்காடு நீர் என்பதை மறந்து, 25 கிலோ வைத்தாயிற்று என்று நிறைவடைபவனுக்கு, உள்ளே போனது 5 கிலோ உலர்பொருள்தான் என்பதைப் பசுவின் மெலிவே சொல்லிவிடும்.

அளவுகோல்:

அந்தக் கணக்கைப் பசு மெலிந்துதான் மாணவன் உணர வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. இருப்பினும் இமை எடுத்துக்காட்டு நன்று.

எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவது மதிப்பெண். யாருடைய ஆடு அதிக எடை கூடியதோ அவருக்கு முதலிடம் என்று வைத்தீர்களானால், தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

வெள்ளைக்கோட்டு:

தானியத்தை அள்ளிக் கொட்டுவார்கள். பழக்கமில்லாத விலங்குக்குத் திடீரெனத் தானியம் கூடினால் பெருவயிற்றில் லாக்டிக் அமிலம் பெருகி, வழக்கமாக 6க்கும் 7க்கும் இடையே இருக்கும் அமிலகார நிலை (pH) 5க்கும் கீழே இறங்கக்கூடும். விலங்கு தீனி எடுக்காது, அசைபோடாது. கவனிக்காவிட்டால் இறந்தும் போகும். எடைக்கு மதிப்பெண் கொடுப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். நாள்தோறும் தீவனம், உடல் வெப்பநிலை, சாணத்தின் தன்மை ஆகியவற்றைக் குறித்த பதிவேட்டுக்கும், அதிலிருந்து மாணவர் எடுத்த முடிவுக்கான காரணத்துக்குமே மதிப்பெண் தர வேண்டும். "இன்று ஆடு சரியாகத் தின்னவில்லை, ஆசிரியரிடம் சொன்னேன்" என்ற ஒற்றை வரிக்குக்கூட மதிப்பெண் உண்டு.

அளவுகோல்:

பதிவேட்டுக்கு மதிப்பெண் என்றால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது: இயற்பியலையும் வேதியியலையும் விட்டுவிட்டு இதை எடுக்கலாம் என்ற விருப்பத் தேர்வு இருக்கக் கூடாது, அவற்றோடு கூடுதலாக எடுப்பதாகத்தான் இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் யார் தீவனம் வைப்பது என்பதற்கும் இதுவரை பதில் வரவில்லை.

பசுந்தீவனம்:

கூடுதல் பாடம் என்பதை ஏற்கிறேன். விடுமுறையைப் பொறுத்தவரை, ஊதியம் பெறும் பராமரிப்பாளர் ஒருவரையும், அவர் வராத நாளுக்கு மாற்று ஆள் ஒருவரையும் நியமிக்க முடியாத பள்ளிக்கு விலங்கு வைக்க அனுமதி தரக் கூடாது. மாணவர்களின் முறைப்பட்டியல் இந்தப் பராமரிப்பாளர்களுக்கு மேலதிகமாக இருக்கலாம். அப்படி ஆள் நியமிக்க முடியாத பள்ளிகள் அருகிலுள்ள பண்ணைக்கு வாரம் ஒருமுறை மாணவர்களை அழைத்துச் செல்லட்டும். பதிவேட்டை அங்கேயும் எழுதலாம்.